முகம் தெரியாத சந்தை

பழைய பொருளை இணையத்தில் விற்கவும் வாங்கவும் புறப்படுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஒரு வீட்டில் உபயோகம் தீர்ந்த பொருள் இன்னொரு வீட்டிற்கு உபயோகமாவது நம் சமூகத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் நல்ல காரியங்களுள் ஒன்று. மகள் கல்யாணமாகிப் போனபின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் தையல் இயந்திரமும், உத்தியோக மாற்றத்தினால் உடன் எடுத்துச் செல்ல இயலாத மரக் கட்டிலும், பிள்ளை வளர்ந்துவிட்டபடியால் பரணில் ஏறிவிட்ட மூன்று சக்கர சைக்கிளும், புதிதாக வாங்கச் சக்தியில்லாத ஒரு குடும்பத்திற்குப் பாதி விலையில் போய்ச் சேரும்போது, விற்றவருக்கும் லாபம், வாங்கியவருக்கும் லாபம். சென்னையில் 1985ஆம் ஆண்டு தீக்கிரையாகும் வரை மூர் மார்க்கெட்டும், ஊருக்கு ஊர் இருந்த பழைய சாமான் கடைகளும், தினசரிப் பத்திரிகைகளின் வரி விளம்பரங்களும் இந்தக் கைமாற்றத்திற்கு இடமளித்து வந்தன. அங்கும் வஞ்சகம் இல்லாமற் போகவில்லை. ஓடாத கடிகாரத்தை ஓடும் என்று சத்தியம் செய்து விற்றவர்களும், பித்தளைக்கு முலாம் பூசியவர்களும் அங்கே இருந்தார்கள். ஆயினும் அந்த வஞ்சகம் பொருளின் தரத்தோடு நின்றது. பொருள் கண்ணெதிரே இருந்தது. விற்பவன் கண்ணெதிரே நின்றான். பணம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பிரத்தியட்சமாகப் போயிற்று.

1995இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றிய கிரெய்க்ஸ்லிஸ்ட் இந்த வியாபாரத்தை இணையத்திற்குக் கொண்டுவந்தது. 2006இல் ஓ.எல்.எக்ஸ்., 2008இல் குவிக்கர், அவற்றுக்குப்பின் ஃபேஸ்புக்கின் மார்க்கெட்பிளேஸ் என்று வரிசையாக வந்தவை அதனை நம்முடைய கைப்பேசிக்குள்ளேயே வைத்துவிட்டன. சௌகரியம் பெரிது என்பதை மறுக்க இயலாது. திருநெல்வேலியில் இருப்பவர் தம் பழைய மோட்டார் சைக்கிளுக்குத் தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் ஒரே நாளில் ஆள் தேட முடிகிறது. ஆனால் இந்தச் சௌகரியத்தின் கூடவே, பொருள் ஓரிடத்திலும், ஆள் ஓரிடத்திலும், பணம் வேறோரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும் ஒரு நிலைமையும் வந்து சேர்ந்தது. இன்றைய விளம்பர மோசடிகள் எத்தனை வேஷம் போட்டாலும் அவையனைத்தும் குடியிருப்பது இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான். அதனை மூடத் தெரிந்தவரை ஏமாற்றுவது மிகவும் கடினம்.

கட்டில் விற்ற கதை

காவல் நிலையங்களுக்கு வரும் புகார்களில் திரும்பத் திரும்பக் காணப்படுவது ஒரே சாயல்தான். அந்தச் சாயலைக் கொண்டு ஒரு சம்பவத்தைக் கண்முன் நிறுத்திப் பார்ப்போம். ஒரு பெண்மணி தம் வீட்டுத் தேக்குக் கட்டிலை எட்டாயிரம் ரூபாய்க்கு விற்க விளம்பரம் கொடுக்கிறார். படம் ஏறிச் சில நிமிஷங்களுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது.

“வணக்கம் மேடம், கட்டில் இன்னும் இருக்கா? நான் மிலிட்டரியில இருக்கேன், இப்பதான் சென்னைக்கு மாத்தலாகி வந்திருக்கேன்.”

“இருக்குங்க. எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க.”

“பார்க்கவே வேணாம் மேடம், ஃபோட்டோவே போதும். எட்டாயிரம்தானே? இப்பவே அனுப்பிடறேன். சாயங்காலம் எங்க வண்டி வந்து எடுத்துக்கும்.”

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பழைய பொருள் வாங்க வருகிற எவரும் காலைத் தட்டிப் பார்ப்பார், கரையான் அரித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், பிறகு எட்டாயிரத்தை ஐயாயிரமாக்க அரைமணி நேரம் வாதாடுவார், அதுதான் இயல்பு. பொருளையும் பார்க்காமல், ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லாமல், கேட்ட விலையை அப்படியே ஒப்புக்கொள்ளும் மனிதருக்கு அந்தப் பொருளில் நாட்டமில்லை என்பதே அதன் பொருள். பேரம் பேசாத வாங்குபவரே முதல் அபாய அறிகுறி.

அடுத்ததாக வாட்ஸ்அப்பில் சீருடை அணிந்த ஒருவரின் அடையாள அட்டையும், கேண்டீன் அட்டையும் படமாக வருகின்றன. அந்த அட்டை உண்மையான ஒரு ராணுவ வீரருடையதாகவே இருக்கக்கூடும். முன்பு தம்மிடம் வியாபாரம் பேசிய வீரர்களிடமிருந்தே இவர்கள் அத்தகைய படங்களைக் கவர்ந்து வைத்திருக்கிறார்கள். பெண்மணியின் மனத்தில் சீருடையின்மீதுள்ள மரியாதை சந்தேகத்தை அடக்கிவிடுகிறது. பிறகு ஒரு க்யூ.ஆர். கோடு வருகிறது. “இது எங்க ஆபீஸ் கணக்கு மேடம். நீங்க ஸ்கேன் பண்ணாத்தான் பணம் உங்களுக்கு வரும். முதல்ல ஒரு ரூபாய்க்குச் சோதனை பண்ணிப் பாருங்க” என்கிறான். அவரும் ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணைத் தட்டுகிறார். ஒரு ரூபாய் போகிறது. உடனே இரண்டு ரூபாய் திரும்பி வருகிறது. நம்பிக்கை உறுதிப்படுகிறது. இரண்டாவது கோடு எட்டாயிரத்திற்கு வருகிறது. அவர் மறுபடியும் எண்ணைத் தட்ட, எட்டாயிரம் ரூபாய் அவருடைய கணக்கிலிருந்து போய்விடுகிறது. “ஐயோ, ஏதோ தப்பாயிடுச்சு மேடம், இன்னொரு தடவை பண்ணுங்க, ரெண்டும் சேர்ந்து பதினாறாயிரமா வந்துடும்” என்று பதற்றத்தோடு சொல்கிறான். இழந்ததை மீட்கும் பதைப்பில் அவர் மூன்றாவது முறையும் தட்டிவிடுகிறார்.

இந்தப் பெண்மணியைப் பேராசைக்காரி என்று எவரும் சொல்ல முடியாது. தம் பொருளுக்குத் தாம் சொன்ன விலைக்குமேல் ஒரு காசும் அவர் கேட்கவில்லை. மரியாதையும், தொழில்நுட்பத்தில் தமக்குத் தெரியாதது ஏதோ இருக்கிறது என்ற பணிவும், அவசரப்படுகிறவருக்கு உதவ வேண்டுமென்ற நல்லெண்ணமும் ஆகிய மூன்று நற்குணங்களே அவருக்கு எதிராகப் பிரயோகிக்கப்பட்டன.

பெறுவதற்குப் பூட்டு இல்லை

2016இல் நடைமுறைக்கு வந்த யு.பி.ஐ. முறையின் அடிப்படை விதி ஒன்றை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், முக்கியமாக முதியோர், மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்: பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, க்யூ.ஆர். கோட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. ஒரு கோட்டில் இருப்பது, பணம் போய்ச் சேர வேண்டிய முகவரியும், சில வேளைகளில் தொகையும் மாத்திரமே. ஆகவே அதனை ஸ்கேன் செய்கிறவர் எப்போதும் கொடுப்பவரே. ரகசிய எண்ணைக் கேட்கும் திரை தோன்றும்போது, எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்பது அதன் மேற்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். காதில் ஒருவன் பேசிக்கொண்டே இருக்கும்போது கண் அந்த வரியைப் படிப்பதில்லை. அவனும் அதற்காகவே பேச்சை நிறுத்துவதில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு அந்த வரியைப் படித்தால் பெரும்பாலான மோசடிகள் அங்கேயே முடிந்துபோகும்.

தனிநபர் ஒருவர் இன்னொருவருக்குப் ‘பணம் அனுப்புக’ என்று கோரிக்கை விடுக்கும் கலெக்ட் வசதியும் இதே விதமாக நெடுநாள் துர்விநியோகம் செய்யப்பட்டு வந்தது. தேசியப் பணப் பரிமாற்றக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கிடையே அதனை நிறுத்திவிட்டது. ஒரு வாயில் அடைபட்டது, க்யூ.ஆர். வாயில் இன்னும் திறந்தே இருக்கிறது. ‘பணம் வருவதற்கு உதவுகிறேன்’ என்று சொல்லிக் கைப்பேசித் திரையைப் பிறர் பார்க்கவும் இயக்கவும் இடமளிக்கும் செயலிகளை நிறுவச் சொல்வதும் உண்டு. அத்தகைய செயலிகளில் ஒன்றான எனிடெஸ்க்கைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. 2022இல் அவ்வங்கி வெளியிட்ட எச்சரிக்கைக் கையேட்டிலும் விற்பனைத் தளங்களில் நடக்கும் மோசடி தனியாக விவரிக்கப்பட்டிருக்கிறது.

நேரில் வருகிறவனிடமும் ஜாக்கிரதை வேண்டும். பணம் செலுத்தியாகிவிட்டது என்று பச்சைக் குறியோடு காட்டும் போலிச் செயலிகளும், வங்கியிலிருந்து வந்ததுபோலத் தோன்றும் போலிக் குறுஞ்செய்திகளும் இப்போது சகஜமாகிவிட்டன. வாங்குபவரின் திரையில் தெரிவது எதற்கும் நிரூபணம் ஆகாது. நம்முடைய கணக்கைத் திறந்து, இருப்புத் தொகை ஏறியிருப்பதை நம் கண்ணால் கண்டபின்னரே பொருள் வாசற்படியைத் தாண்ட வேண்டும். ‘ஐயாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று அழுகிறவனுக்கும் இதுவே விடை.

நடுவில் நிற்கும் மாயாவி

வாகன விற்பனையில் இதைக் காட்டிலும் நுட்பமான ஒரு தந்திரம் வழங்குகிறது. சேலத்தில் ஒருவர் தம் காரை மூன்று லட்சத்திற்கு விளம்பரம் செய்கிறார் என்று கொள்வோம். மோசக்காரன் அதே படங்களை எடுத்து, இரண்டு லட்சத்திற்கு வேறொரு விளம்பரம் போடுகிறான். மலிவு கண்டு ஈரோட்டிலிருந்து ஒருவர் அழைக்கிறார். அவரிடம், “வண்டி என் மச்சான் வீட்ல நிக்குது. போய்ப் பாருங்க. அவருக்கும் எனக்கும் கொஞ்சம் கணக்குவழக்கு இருக்கு, அதனால விலையைப் பத்தி மட்டும் அவர்கிட்ட பேசாதீங்க” என்கிறான். சேலத்துக்காரரிடமோ, “என் பார்ட்னர் வண்டி பார்க்க வர்றாரு. அவர் எனக்குப் பணம் தரணும், அதை இதுல கழிச்சுக்கப்போறேன். விலையை அவர்கிட்ட சொல்லாதீங்க, மூணு லட்சம் நான் தர்றேன்” என்கிறான். இருவரும் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். வண்டி உண்மையானது, ஆவணம் உண்மையானது, இருவரும் கண்ணியமானவர்கள். வாங்க வந்தவர் திருப்தியடைந்து, மாயாவி கொடுத்த கணக்குக்கு இரண்டு லட்சத்தை அனுப்புகிறார். பிறகு வண்டிச் சாவியைக் கேட்கும்போதுதான், பணம் வரவில்லையே என்று உரிமையாளர் திகைக்கிறார். ஏமாற்றியவன் அந்தத் தெருவில் காலடிகூட வைக்கவில்லை; ஏமாந்த இருவரும் ஒருவரையொருவர் திருடன் என்று சொல்லிக் காவல் நிலையத்தின் வாசலில் நிற்கிறார்கள்.

இதனை முறியடிக்கும் உபாயம் மிக எளியது. வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அந்தப் பெயருள்ள வங்கிக் கணக்குக்கு மாத்திரம் பணம் போக வேண்டும். விலையை வாங்குபவரும் உரிமையாளரும் நேரில், வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். ‘அவரிடம் விலை பேசாதீர்கள்’ என்று ஒருவன் சொல்கிற அந்தக் கணமே வியாபாரத்தை நிறுத்திவிடுவது உத்தமம்.

வண்டியின் ஆவண விஷயத்தில் சோம்பல் கூடாது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலேயே பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பரிவாகன் தளத்தில் கடன் பாக்கி குறிக்கப்பட்டிருக்கிறதா, அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடன் இருந்து அடைபட்டிருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் 35ஆம் எண் படிவமும் கையில் இருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்க என்று வாங்கிக்கொண்டு அப்படியே மறைந்துவிடுகிறவர்களும் உண்டாதலால், விற்பவர் உடன் ஏறிச் செல்வதே முறை.

விற்றவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. 29, 30ஆம் எண் படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ‘பெயரை அவரே மாற்றிக்கொள்வார்’ என்று நிம்மதியாக இருந்துவிடுவது நம்மிடையே சாதாரணம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, அதே மாநிலத்தில் பதிவான வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நஷ்டஈடு யாருடைய பொறுப்பு என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, வண்டி பல கை மாறியிருந்தும் பதிவேட்டில் பெயர் நின்றவரே உரிமையாளர் என்று 2018இல் தீர்ப்பாயிற்று. விற்று வருஷங்கள் கழிந்த வண்டிக்காக ஒருவர் லட்சக்கணக்கில் பொறுப்பேற்க நேரலாம் என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

வீடும் கைப்பேசியும்

வாடகைக்கு வீடு தேடுகிறவர்களிடம் நடக்கும் வஞ்சனைக்கும் மூலம் அதே இடைவெளிதான். நல்ல தெருவில், நல்ல வெளிச்சமுள்ள வீடு, நம்ப முடியாத குறைந்த வாடகை. ‘நிறைய பேர் கேட்கிறார்கள், டோக்கன் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்’ என்று பேச்சு. வீட்டைப் பார்ப்பதற்கே ‘கேட் பாஸ்’ கட்டணம், அதுவும் திருப்பித் தரப்படுமாம். வீட்டின் உட்புறத்தை நேரில் பார்த்து, மின்கட்டண ரசீதும் வீட்டுவரி ரசீதும் யார் பெயரில் இருக்கின்றன என்று கேட்டறிந்து, அந்தப் பெயருடையவரோடு பேசிய பின்னரே ஒரு ரூபாயானாலும் கொடுக்க வேண்டும்.

பழைய கைப்பேசி வாங்குகிறவர் அதில் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். அதனை அசல் பில்லோடும் பெட்டியோடும் ஒப்பிட்டு, கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினாலோ, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்தாலோ, களவு போனதாக முடக்கப்பட்ட கருவியா என்பது தெரிந்துவிடும். இது பணத்தைப் பற்றிய விஷயம் மாத்திரமன்று. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றமாகும். நாற்பதாயிரம் பெறுமான கைப்பேசியை ஐயாயிரத்திற்கு, பில் இல்லாமல், பஸ் நிலையத்தில் வாங்கியவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது.

வலையின் மறுமுனை

இந்த அழைப்புகளில் பல எங்கிருந்து வருகின்றன என்பதைப் போலீசார் நன்கு அறிவர். ராஜஸ்தானின் பரத்பூர், ஆல்வார், ஹரியானாவின் நூஹ் ஆகிய மாவட்டங்கள் அடுத்தடுத்து அமைந்த மேவாத் பிரதேசம் விளம்பர மோசடிக்குப் பெயர்பெற்றுவிட்டது. 2023 ஏப்ரலில் ஹரியானா போலீசார் சுமார் ஐயாயிரம் பேர் திரண்டு நூஹ் மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஒரே இரவில் சோதனையிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இத்தொழிலின் விஸ்தீரணம் விளங்கும். ஆயினும் எல்லாப் பழியையும் தூரதேசத்தின்மீது போட்டுவிட்டு நாம் அமைதியடைய முடியாது. திருடப்பட்ட பணம் முதலில் விழுகிற வங்கிக் கணக்கு, பல சந்தர்ப்பங்களில், நம்முடைய பக்கத்துத் தெருப் பையன் சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்காக இரவல் கொடுத்த கணக்கு. பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் முன்பின் தெரியாதவரிடம் கொடுத்த அந்தக் கல்லூரி மாணவன், ஒரு நாள் வேறு மாநிலப் போலீசார் வந்து கதவைத் தட்டும்போதுதான் தான் செய்ததன் கனத்தை உணர்கிறான். பெற்றோர் தம் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேச வேண்டிய காலம் இது.

பணம் போனபின்

பணம் போய்விட்டதென்று தெரிந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே: 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைப்பது. வங்கிகளும் போலீசாரும் இணைந்த ஏற்பாடு அதன் பின்னால் இயங்குகிறது. பரிமாற்றத்தின் 12 இலக்கக் குறிப்பு எண்ணையும், தொகையையும், நேரத்தையும் சொன்னால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதனை நிறுத்தி வைக்க அவர்கள் முயல்கிறார்கள். மோசக்காரன் அதனை நாலைந்து கணக்குகளாகப் பிரித்து ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டால் மீட்பது துர்லபம். ஆதலால் முதல் ஒரு மணி நேரமே முக்கியம். அழைத்தபின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் எழுத்துமூலமான புகாரையும் பதிவு செய்து, தம் வங்கிக்கும் தனியே தெரிவிக்க வேண்டும். 2017 ஜூலை 6இல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த விதியின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டம் அவர் வங்கிக்கு அறிவிக்கும் வரை அவரையே சாரும். அறிவித்தபின் நேரும் நஷ்டம் வங்கியைச் சாரும். தாமதித்த ஒவ்வொரு நிமிஷத்திற்கும் விலை கொடுப்பவர் ஏமாந்தவரே. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரையும், ஏமாற்றிப் பொருளைப் பறித்தவனுக்கு நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏழாண்டு வரையும் சிறை விதிக்கின்றன. அரட்டைப் பதிவுகளையும் திரைப்பிடிப்புகளையும் வெட்கத்தினால் அழித்துவிடுகிறவர், அந்தத் தண்டனைக்கு வேண்டிய சாட்சியத்தையே அழித்துவிடுகிறார்.

அந்த வெட்கத்தைப் பற்றித்தான் முடிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏமாந்துபோன ஒருவர் வீட்டிற்கு வந்து சொன்னால், ‘படித்தவர், உங்களுக்கு இதுகூடத் தெரியாதா’ என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பேர் மௌனமாகிவிடுகிறார்கள். அவர்கள் மௌனமாக இருக்கும் வரையில் அதே எண்ணிலிருந்து, அதே ராணுவ அட்டையோடு, அடுத்த வீட்டுக்கு அழைப்பு போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே வாசக அன்பர்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு வேண்டுகோள்கள். பொருளும், ஆளும், பணமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பகல் வெளிச்சத்தில் சந்திக்காத வியாபாரத்தை, அது எத்தனை லாபமாகத் தோன்றினாலும், விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் ஏமாந்து வந்தால், கேள்வி கேட்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் 1930ஐ அழையுங்கள்.